விரிசல் விட்ட பூசணி: ஏர் டிரை கிளே காயும்போது உள்ளே என்ன நடக்கிறது?

அக்டோபர் பிறந்தால் போதும், களிமண் பூசணி, களிமண் மண்டையோடு, களிமண் வௌவால் கம்மல் என்று ஹாலோவீன் செய்முறை வீடியோக்கள் வரிசைகட்டி வந்துவிடும். பார்க்கும்போது எல்லாமே சுலபம்தான். பாக்கெட்டைப் பிரி, உருட்டு, கண்ணும் வாயும் வெட்டு, காயவை, பெயின்ட் அடி, முடிந்தது. அந்தக் "காயவை" என்ற இடத்தில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒருவர் அவனில் (oven) வைக்கச் சொல்வார், அடுத்தவர் அவன் பக்கமே போகாதே என்பார். ஒருவர் தண்ணீர் தொட்டுத் தொட்டு நீவினால் விரிசலே வராது என்பார், இன்னொருவர் விரிசல் வருவதே அந்தத் தண்ணீரால்தான் என்பார். ஏன் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

நான் முதன்முதலில் செய்த பூசணி, ஒரு கண்ணாடி ஜாடியைச் சுற்றி ஏர் டிரை கிளேயை, அதாவது காற்றில் தானாகக் காயும் களிமண்ணை, அப்பிச் செய்தது. உள்ளே விளக்கு வைப்பதாகத் திட்டம். ராத்திரி தூங்கப் போகும்போது அழகாக இருந்தது. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரு பிளவு, விரல் நகம் நுழையும் அகலத்துக்கு. மட்டமான சரக்கு என்று முடிவுகட்டி வேறு பிராண்டு வாங்கினேன், அதுவும் பிளந்தது. களிமண் மேல் தப்பே இல்லை, காய்வது என்றால் என்ன என்று எனக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அது தெரிந்துவிட்டால் மேலே சொன்ன சண்டைகளுக்கெல்லாம் நீங்களே தீர்ப்புச் சொல்லிவிடலாம்.

## காய்வது வேறு, வேகுவது வேறு

பாதிக் குழப்பத்துக்குக் காரணம், மூன்று வெவ்வேறு பொருள்களை நாம் களிமண் என்ற ஒரே பெயரில் அழைப்பது.

முதலாவது, பானை செய்கிற மண். இதைச் சூளையில் ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுடுவார்கள். அந்தச் சூடு ஏறுகிற வழியில், 500, 600 டிகிரி வாக்கில், மண் துகளின் கட்டமைப்போடு சேர்ந்தே இருக்கும் நீர்கூட வெளியேறிவிடும். அதற்கப்புறம் அது பழைய மண்ணே இல்லை. சுட்ட பானையை எத்தனை நாள் தண்ணீரில் போட்டு வைத்தாலும் சேறாகாது.

இரண்டாவது, பாலிமர் கிளே. பெயரில் மட்டும்தான் கிளே, உள்ளே இருப்பது பெரும்பாலும் பி.வி.சி பிளாஸ்டிக் துகள்களும் அவற்றை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் மாதிரியான ஒரு திரவமும். தண்ணீரே இல்லாததால் காற்றில் வைத்தால் காயவும் செய்யாது. வீட்டு அவனில் 110 முதல் 130 டிகிரி வரை, பாக்கெட்டில் போட்டிருக்கிற சூட்டில் வைத்தால் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து கெட்டியாகிவிடும்.

மூன்றாவதுதான் நம்முடையது, ஏர் டிரை கிளே. இதில் எதுவும் உருகுவதில்லை, எதுவும் வேகுவதில்லை, உள்ளே இருக்கிற தண்ணீர் காற்றில் கலந்து போகிறது, அவ்வளவுதான். முட்டை அவிப்பதற்கும் துணி காய்வதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெந்த முட்டையைத் திரும்பப் பச்சை முட்டையாக்க முடியாது, காய்ந்த துணியை நனைத்தால் மறுபடியும் ஈரத்துணிதான். சூளை மண்ணும் பாலிமர் கிளேயும் முட்டைக் கட்சி. ஏர் டிரை கிளே துணிக் கட்சி.

சந்தேகமிருந்தால் நன்றாகக் காய்ந்த ஒரு துண்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். சில மணி நேரத்தில் மேற்பரப்பு வழுவழுவென்று இளகும், சில வகைகள் அப்படியே கரைந்து உட்கார்ந்துவிடும். "காய்ந்தால் கல்லாகிவிடும்" என்பது வெறும் பேச்சு.

ஆக, அவனில் வை என்று சொல்கிறவர் அநேகமாகப் பாலிமர் கிளேயைப் பற்றிப் பேசுகிறார். பாக்கெட்டில் எந்த வகை என்று முதலில் பாருங்கள், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

## பாக்கெட்டுக்குள் யார் யார்

இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு நகரும், ஆனால் பிரித்தெடுக்கப் பார்த்தால் விடாது. இயற்கைக் களிமண்ணும் இப்படித்தான். அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய தட்டையான தகடுகள், நடுவில் தண்ணீர்ப் படலம். பிசைந்தால் வழுக்கி நகர்கின்றன, கையை எடுத்தால் விட்ட இடத்தில் நிற்கின்றன. மணலுக்கு இந்தக் குணம் வராது, அதன் துகள் இப்படித் தட்டையான தகடு இல்லை.

சுடாத வெறும் மண் காய்ந்ததும் பொசுக்கென்று உடையும். அதனால் தயாரிப்பவர்கள் இரண்டு சாமான் சேர்க்கிறார்கள். ஒன்று பிணைப்பான், அதாவது தண்ணீர் போன பிறகு துகள்களைப் பிடித்து வைக்கும் பசை. இன்னொன்று நார், பெரும்பாலும் காகித நார். மண்ணில் வைக்கோலைக் கலந்து சுவர் எழுப்பும் வழக்கம் உலகம் முழுக்கப் பல ஆயிரம் வருடமாக இருக்கிறதே, அதே யுக்திதான். விரிசல் ஓட ஆரம்பித்தால் நார் குறுக்கே நின்று பிடித்துக்கொள்ளும்.

கடையில் கிடைப்பவற்றில் மண் அதிகமாக இருப்பது கனமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும், கல்லறைப் பலகை, மண்டையோடு மாதிரி சாமான்களுக்கு நல்லது. காகித நார் அதிகமாக இருப்பது பேப்பர் கிளே, லேசானது, காய்ந்தபின் செதுக்கலாம், தேய்க்கலாம். ஃபோம் கிளே என்று பஞ்சு மிட்டாய் மாதிரி எடையே இல்லாத ஒன்று உண்டு, நுண்ணிய வெற்றுக் குமிழ்கள் கலந்தது, காய்ந்தாலும் கொஞ்சம் நெகிழும், சுருக்கமும் குறைவு. சோளமாவையும் பி.வி.ஏ வெள்ளைப் பசையையும் சேர்த்துக் கிளறி வீட்டிலேயே செய்வதைக் கோல்ட் போர்சலின் என்பார்கள். பெயரைப் பார்த்துப் பீங்கான் என்று நினைத்துவிடாதீர்கள், அதில் மண்ணே கிடையாது.

வகை எதுவானாலும் கதை ஒன்றுதான்: திடப்பொருள், பசை, தண்ணீர். தண்ணீர் போகும், மற்றது நிற்கும்.

## டர்னிப் வாடிய கதை

ஹாலோவீன் என்றால் பூசணி என்பது அமெரிக்கா போன பிறகு வந்த வழக்கம். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அக்டோபர் 31 இரவுக்கு டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர்களுக்குப் பெரிதாக, குடைவதற்கு எளிதாகப் பூசணி கிடைத்தது, அப்படியே மாறிவிட்டது. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் நாட்டுப்புற வாழ்க்கைப் பிரிவில், டனிகால் பகுதியின் அந்தப் பழைய டர்னிப் முகம் ஒன்றின் அச்சு இருக்கிறது. படம் பார்த்தால் எந்தப் பூசணியும் பக்கத்தில் நிற்க முடியாது, அவ்வளவு பயங்கரம்.

அது அசல் டர்னிப் இல்லை, பிளாஸ்டரில் எடுத்த வார்ப்பு என்பதுதான் நமக்கு முக்கியம். குடைந்த டர்னிப்பை வைத்திருக்க முடியாது. உள்ளே இருக்கும் தண்ணீர் போகப் போக அது சுருங்கும், முகம் கோணும், கன்னம் உள்ளே போகும். தண்ணீர் இருந்த இடம் காலியாகிறது, சுற்றியிருப்பது அந்த இடத்தை நோக்கி நெருங்குகிறது. அழுகலை விட்டுவிட்டால் களிமண்ணுக்கும் இதேதான் நடக்கிறது, அளவுதான் குறைவு.

பிளாஸ்டர் ஏன் சுருங்கவில்லை? பிளாஸ்டர் பொடி கெட்டியாவது தண்ணீரை விட்டு அல்ல, தண்ணீரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு வேறு பொருளாக மாறித்தான். சிமென்ட்டும் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிற சாதிதான். நம் களிமண் நேர் எதிர், விட்டுவிட்டுத்தான் கெட்டியாகும். எனவே அது சுருங்கியே தீரும். சுருங்காத ஏர் டிரை கிளே என்று யாராவது சொன்னால், குறைவாகச் சுருங்குவது என்று படித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சுருங்கும் என்பது வகையைப் பொறுத்தது. மண் அதிகமுள்ளவை நீளத்தில் 5 முதல் 10 சதவீதம் வரைகூடப் போகலாம். 10 சென்டிமீட்டர் பூசணி ஒன்பதரையாகவோ ஒன்பதாகவோ ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வைக்குத் தெரியாது, ஆனால் ஏதாவது உள்ளே பொருந்த வேண்டியிருந்தால் தெரியும். டீலைட் (தட்டையான சின்ன மெழுகுவர்த்தி) அளவு எல்.இ.டி விளக்கு சுமார் 38 மில்லிமீட்டர் அகலம். அதே அளவுக்குக் குழி வைத்தால் காய்ந்தபின் விளக்கு உள்ளே இறங்காது, 43 வைக்க வேண்டும். கம்மல் கொக்கி ஓட்டைக்கும் விரல் மோதிரத்துக்கும் இதே கணக்கு. மோதிரம் இறுகிப்போய் மாட்டிக்கொள்வதைவிடக் கொஞ்சம் தொளதொளவென்று இருப்பது மேல்.

## சரி, விரிசல் எங்கிருந்து வருகிறது

சுருக்கம் தனியாக விரிசலை உண்டாக்காது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் சுருங்கினால் உங்கள் பூசணி கொஞ்சம் சின்ன பூசணியாகும், அவ்வளவுதான். ஒரு பக்கம் சுருங்கப் பார்க்கும்போது இன்னொரு பக்கம் விடாமல் பிடித்துக்கொள்வதுதான் வம்பு. பெரும்பாலான விரிசல்களுக்குப் பின்னால் இந்த இழுபறிதான் இருக்கிறது.

வற்றிய குளத்தின் தரையைப் பார்த்திருப்பீர்கள். மேலே வெயில், காற்று, மேல்மண் முதலில் காய்கிறது, சுருங்கப் பார்க்கிறது. அடியில் இருக்கும் சேறு இன்னும் ஈரமாக, பழைய அகலத்திலேயே இருக்கிறது. மேல்மண்ணுக்கு நெருங்கி வர வழியில்லை, அதனால் கட்டம் கட்டமாகக் கிழிகிறது. கொஞ்ச நாள் கழித்து அந்தக் கட்டங்களின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணம் மாதிரி நிற்கும், மேற்பக்கம் கீழ்ப்பக்கத்தைவிட அதிகம் சுருங்கியதால். ஏர் டிரை கிளே விரிசல் விடுவதும் வௌவால் இறக்கை வளைவதும் இந்த ஒரே குளத்துக்குள் இருக்கின்றன.

கெட்டியான உருண்டையாகச் செய்த மண்டையோடு அந்தக் குளம்தான், உருண்டை வடிவில். வெளித்தோல் ஒரே நாளில் காய்ந்துவிடும், நடுவில் வாரக்கணக்கில் ஈரம் இருக்கும். தண்ணீர் உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஊர்ந்து வந்துதான் வெளியேற வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரமும் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, நான்கு மடங்குவரை இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் சுவர் 5, 6 மில்லிமீட்டரைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள். அந்தத் தடிமனுக்கு அறையின் ஈரப்பதத்தைப் பொறுத்து ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும்.

என் ஜாடிப் பூசணியில் நடந்தது இதற்கு அண்ணன் முறை. அங்கே தடிமன் சரியாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே கண்ணாடி. களிமண் சுருங்கிச் சின்ன வட்டமாக வேண்டும், கண்ணாடி ஒரு நூல்கூட நகராது. சின்னச் சட்டையைப் பெரிய உடம்பில் மாட்டிப் பொத்தான் போட்ட கதை, எங்காவது தையல் விட்டுத்தானே ஆக வேண்டும்.

மூன்றாவது இடம் ஒட்டு. பூசணிக்குக் காம்பு, மண்டையோட்டுக்குத் தாடை என்று தனியாகச் செய்து ஒட்டுவோம். உடம்பு பாதி காய்ந்து பாதி சுருங்கிவிட்டிருக்கும், காம்பு இப்போதுதான் பாக்கெட்டிலிருந்து வந்திருக்கும். இனி காம்பு சுருங்கும்போது உடம்பு கூட வராது, ஒட்டு விட்டுக்கொள்ளும்.

இதுவரை சொன்னதை ஒரு மூச்சில் சொன்னால்: தண்ணீர் போகிறது, இடம் சுருங்குகிறது, எல்லா இடமும் சேர்ந்து சுருங்கினால் பிரச்சினை இல்லை, சேராமல் சுருங்கினால் கிழியும். இனிமேல் வருவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நீங்களே கண்டுபிடித்திருக்கக் கூடியதுதான்.

## ஹேர் டிரையர், அவன், தண்ணீர்

ஹேர் டிரையர் வெளித்தோலை மட்டும் வேகமாகக் காயவைக்கும். உள்ளே ஈரம் அப்படியே. அதாவது விரிசலுக்குத் தேவையான வித்தியாசத்தை நீங்களே மெனக்கெட்டு உண்டாக்குகிறீர்கள். அவனும் வெயிலும் ஃபேனுக்கு நேர் எதிரே வைப்பதும் இதே ரகம். வேகமாகக் காய்வதில் எந்த லாபமும் இல்லை, சமமாகக் காய்வதுதான் வேண்டும். முதல் நாள் மேலே ஒரு பிளாஸ்டிக் உறையைத் தளர்வாகப் போட்டு மெதுவாகக் காயவிடுவதும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பி வைப்பதும், கம்பித் தட்டின் மேல் வைத்து அடிப்பக்கமும் காற்றுப் படவிடுவதும் அதற்குத்தான்.

தண்ணீர் தொட்டு நீவுவது கொஞ்சம் சிக்கலான விஷயம். நீவும்போது மேற்பரப்பு வழவழப்பாகும், சின்ன விரிசல் மூடிக்கொள்ளும், மனசுக்குத் திருப்தியாக இருக்கும். ஆனால் மேல் அடுக்கில் இப்போது அடியில் இருப்பதைவிடத் தண்ணீர் அதிகம், எனவே அது அதிகம் சுருங்க வேண்டும், எனவே நாளைக்கு அதே இடத்தில் வலைவலையாக விரிசல். விரலை நனைத்து ஒரு துணியில் துடைத்துவிட்டு நீவுங்கள், அந்த ஈரம் போதும். பக்கத்தில் தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கை சும்மா இருக்காது, நான் அதைத் தள்ளியே வைத்துவிடுவேன்.

ஒட்டுவதற்கு மட்டும் தண்ணீர் வேண்டும், அதுவும் குழம்பாக. அதே களிமண்ணில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டுத் தயிர் பதத்துக்குக் கரைத்தால் கிடைப்பது ஸ்லிப். ஒட்டப்போகும் இரண்டு பக்கத்தையும் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஸ்லிப் தடவி, அழுத்திச் சேர்க்க வேண்டும். கீறாமல் வழவழப்பான பரப்பில் ஒட்டினால் பிடிக்க எதுவும் இருக்காது. முடிந்தவரை இரண்டு துண்டும் ஒரே அளவு ஈரத்தில் இருக்கும்போதே ஒட்டிவிடுங்கள்.

## இதை வைத்து ஒரு பூசணி

உள்ளே எதுவும் இல்லாமல் பூசணி நிற்காது, கெட்டியாகச் செய்யவும் கூடாது. எனவே உட்கூடு வேண்டும், அதாவது களிமண்ணைத் தாங்க உள்ளே வைக்கும் உருவம். நல்ல உட்கூடு களிமண் சுருங்கும்போது தானும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கசக்கிய செய்தித்தாள் உருண்டையைக் காகித டேப்பால் சுற்றியது எனக்குப் பிடித்தது, அமுங்கும், உள்பக்க ஈரத்தையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். அலுமினிய ஃபாயிலைத் தளர்வாகக் கசக்கினாலும் சரி, கல் மாதிரி இறுக்கிவிட்டால் அதுவும் என் ஜாடிதான். உள்ளே விளக்கு வைக்க வேண்டுமென்றால் ஊதிய பலூன் மேல் செய்யுங்கள், பலூன் அமுங்கிக்கொடுக்கும், காய்ந்தபின் குத்தி எடுத்துவிடலாம்.

களிமண்ணை 5 மில்லிமீட்டர் தகடாகத் தேய்த்துப் போர்த்துங்கள். இரண்டு பக்கமும் அதே உயரமுள்ள பலகைத் துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் கட்டையை உருட்டினால் தடிமன் தானாகச் சமமாக வரும். துண்டு துண்டாக அப்பினால் ஒரு இடம் மெல்லிசு, ஒரு இடம் தடிப்பு, காய்வதும் அப்படியே ஆகும். பூசணியின் வரிகளைக் கத்தியால் ஆழமாகக் கீறாதீர்கள், கீறிய இடம் மெலிந்து அங்கேதான் முதலில் கிழியும். ஒரு பென்சிலைப் படுக்கவைத்து அழுத்தினால் வரியும் கிடைக்கும், தடிமனும் பெரிதாகக் குறையாது. கண், வாய் வெட்டுவதை உடனே செய்யாமல், தோல் செருப்பு மாதிரி விறைத்து, ஆனால் இன்னும் ஈரமாக இருக்கும் நிலை வரும்வரை பொறுத்திருங்கள். குழைவாக இருக்கும்போது வெட்டினால் முகம் இழுபடும், முழுக்கக் காய்ந்தபின் வெட்டினால் சில்லுப் பெயரும். முக்கோணக் கண்ணின் கூர்முனையைக் கொஞ்சம் மழுக்கிவிடுங்கள், விரிசல் கூர்மூலையில்தான் பிறக்கும்.

## வௌவால், சிலந்தி, பேய், கம்மல்

வௌவால் மெல்லிய தகடு, மூன்று மில்லிமீட்டர் போதும். பிரச்சினை விரிசல் இல்லை, வளைவு. மேசை மேல் அப்படியே விட்டால் மேற்பக்கம் முதலில் காய்ந்து, குளத்து மண் மாதிரி இறக்கை இரண்டும் மேலே தூக்கிக்கொள்ளும். திருப்பித் திருப்பி வைத்து, விறைத்த பிறகு இரண்டு அட்டைக்கு நடுவே ஒரு புத்தகத்தின் எடையில் விடுங்கள். வளைந்த இறக்கைதான் வேண்டும் என்றால் கசக்கிய காகிதத்தின் மேல் படுக்கப்போட்டு நீங்கள் விரும்பும் வளைவைக் கொடுத்துவிடுங்கள்.

சிலந்திக்குக் களிமண்ணில் கால் செய்வது வீண் வேலை என்பது என் கருத்து. மெல்லிய கால் சில மணி நேரத்தில் காய்ந்து சுருங்கிவிடும், உடம்பு இன்னும் ஈரமாக இருக்கும், சேருமிடத்தில் முறியும். செய்தே தீருவேன் என்றால் கால்களை மட்டும் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்து, உடம்பு காய்ந்து வரும்வரை காக்கவையுங்கள். இல்லையென்றால் உடம்பில் ஓட்டை மட்டும் போட்டுக் காயவைத்து, அப்புறம் கம்பிக் கால்களைப் பசை வைத்துச் சொருகுங்கள்.

பேய் எளிது. தகட்டை வெட்டி ஒரு டம்ளர் மேல் துணி மாதிரிப் போர்த்தினால் மடிப்பு தானாக விழும். டம்ளருக்கு முதலில் பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்க வேண்டும், பேய் தானாக நிற்கும் அளவு விறைத்ததும் டம்ளரை உருவிவிட வேண்டும். மறந்துபோனால் பேய் டம்ளரைக் கவ்விக்கொண்டு வெடிக்கும்.

கம்மல், தலைப்பட்டைக் கொம்பு, பிரோச் மாதிரி உடம்பில் போடும் சாமான்களுக்கு எடைதான் முதல் கணக்கு, ஃபோம் கிளே அல்லது பேப்பர் கிளே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஓட்டை போடுங்கள், விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. கீழே விழுந்தால் உடைவது பெரும்பாலும் அந்த மெல்லிய விளிம்புதான்.

## காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்

நிறம் வெளுத்துவிட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், அது வெளித்தோலின் செய்தி. கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் இன்னும் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் குளிர்கிறதே, அது மாதிரி. மண் அதிகமுள்ள வகை காய்ந்தபின்னும் தொட்டால் லேசாகக் குளிரும், அதனால் அதைவிட உறுதியான வழி சமையலறைத் தராசு. இன்றைக்கு எடை போட்டு எழுதிவைத்து நாளைக்கு மறுபடி போடுங்கள், எடை குறைந்திருந்தால் காயவில்லை, இரண்டு நாளும் ஒரே எடை என்றால் போகவேண்டிய தண்ணீர் போய்விட்டது.

இந்தப் பொறுமை இல்லாமல் மேலே பெயின்ட்டும் வார்னிஷும் அடித்தால் மீதித் தண்ணீர் உள்ளே சிறைப்படும். பெயின்ட் கொப்புளிக்கும், காகித நாரும் மாவும் உள்ள வகைகளில் பூஞ்சையும் பிடிக்கலாம்.

## பெயின்ட், வார்னிஷ், நெருப்பு

காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்ப்பதானால் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூள் மூச்சுக்குள் போகக்கூடாது. அக்ரிலிக் பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். அதுவும் தண்ணீரில் கரைத்ததுதான் என்பதால் மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் அடுத்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட அடித்தால் மேற்பரப்பு மறுபடி இளகும்.

அதன் மேல் வார்னிஷ் இரண்டு மூன்று தடவை, அடிப்பக்கம், ஓட்டையின் உள்பக்கம் எல்லாம் சேர்த்து. வார்னிஷ் அடித்தால் தண்ணீர் படாத பொருளாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை சுற்றுகிறது. உள்ளே இருப்பது இன்னமும் துணிக் கட்சிதான், வார்னிஷ் அதன் மேல் போட்ட மழைக்கோட்டு. ஒரு கீறல் விழுந்தால் போதும், அந்த வழியே ஈரம் இறங்கும். அக்டோபர் கடைசியில் வாசலில் வைப்பதாக இருந்தால் மழையும் பனியும் படாத கூரைக்கடியில் வையுங்கள், மாலையில் வைத்து இரவு எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

மெழுகுவர்த்தி வேண்டாம். மண்ணாயிற்றே, எரியாது என்று தோன்றும். உள்ளே காகித நார், பசை, செய்தித்தாள் உட்கூடு, மேலே பிளாஸ்டிக்கான பெயின்ட். எல்.இ.டி விளக்குதான் சரி. அதேபோல் பாக்கெட்டில் "நச்சற்றது" என்று போட்டிருந்தால் சாப்பாட்டுப் பாத்திரமாகப் பயன்படுத்தலாம் என்று பொருள் இல்லை. தொட்டு விளையாட ஆபத்தில்லை என்பது மட்டும்தான் அது. மண்டையோட்டுக் கிண்ணத்தில் உறை சுற்றிய மிட்டாய் வைக்கலாம், பானம் ஊற்றக்கூடாது.

## வந்துவிட்ட விரிசலுக்கு

எல்லாம் சரியாகச் செய்தும் சில விரிசல் வரும். அதில் ஸ்லிப்பை ஊற்றி நிரப்பத்தான் முதலில் தோன்றும், ஆனால் ஸ்லிப்பில் பெரும்பகுதி தண்ணீர், அது காய்ந்ததும் பிளவுக்குள் இன்னொரு பிளவாக நிற்கும். கெட்டியான களிமண்ணில் சில துளி வெள்ளைப் பசை சேர்த்துப் பிசைந்து, பிளவின் உள்பக்கத்தை லேசாக ஈரப்படுத்தி, உள்ளே திணித்து, கொஞ்சம் மேடாக விட்டுவிடுங்கள். காய்ந்து இறங்கியதும் மீதியை இரண்டாம் முறை நிரப்பித் தேய்த்துவிடலாம். கல்லறைப் பலகையிலும் மண்டையோட்டிலும் வந்த விரிசலை நான் நிரப்புவதே இல்லை, நீர்த்த கறுப்புப் பெயின்ட்டை அதற்குள் ஓடவிட்டு மேலே துடைத்துவிடுவேன், நூறு வருடப் பழசு மாதிரி ஆகிவிடும்.

அந்த முதல் ஜாடிப் பூசணியை இன்னும் வைத்திருக்கிறேன். பிளவின் இரண்டு ஓரத்துக்கும் கறுப்பு அடித்து உள்ளே ஒரு ஆரஞ்சு எல்.இ.டி போட்டேன். வெட்டிய கண்ணிலிருந்து வரும் வெளிச்சத்தைவிட அந்தப் பிளவிலிருந்து வரும் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் குழந்தைகள் பயப்படுகிறார்கள்.